சுண்டுவிரல் இடுக்கு

கேரளத்தில் பள்ளிக்கூடம் திறக்கும் நாளும் தென்மேற்குப் பருவமழை இறங்கும் நாளும் ஏறக்குறைய ஒன்றுதான்: ஜூன் 1. இரண்டையும் ஒன்றாக வைத்தவர் வீட்டில் பள்ளிக்குப் போகிற பிள்ளை இருந்திருக்காது என்று நினைத்துக்கொள்ளலாம். ஆண்டுக்கு ஏறக்குறைய 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிற ஊர் கொச்சி. அதிலும் மட்டாஞ்சேரி தண்ணீரை ஒட்டிய தாழ்வான நிலம். பெருமழையோடு கடலேற்றமும் சேர்ந்துகொண்டால் ஓடை நீர் கடலுக்குள் இறங்க வழியில்லாமல் தெருவுக்கே திரும்பிவிடும். மிளகும் சுக்கும் மணக்கும் பஜார் ரோட்டுக் கிடங்குகளை ஒட்டி, பாலஸ் ரோட்டில், சுள்ளிக்கல் பக்கத்துச் சந்துகளில் பிள்ளைகள் கறுப்பு ஷூவும் வெள்ளைக் காலுறையுமாக அந்தத் தண்ணீரைத் தாண்டித்தான் வகுப்புக்குப் போகிறார்கள்.

நனைந்த ஷூவோடு மாலை வரை உட்கார்ந்திருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து கழற்றினாலும் பெரும்பாலான வீடுகளில் ஷூ ஒரு ஜோடிதான். காற்றில் ஈரப்பதம் 80, 90 விழுக்காடு நிற்கும்போது இரவெல்லாம் மின்விசிறிக்குக் கீழே வைத்தாலும் உள்ளடி காயாது. மறுநாள் அதே ஷூ. ஜூலை பிறப்பதற்குள் பதினான்கு வயதுப் பையனுக்குச் சுண்டுவிரல் இடுக்கில் தோல் வெளுத்து ஊறி, உரிந்து, வெடித்து, காலுறையைக் கழற்றியவுடன் பொறுக்க முடியாத அரிப்பு வந்திருக்கும். நாம் சேற்றுப்புண் என்போம், மலையாளிகள் வளங்கடி என்பார்கள், மருந்துக்கடைக்காரர் அத்லெட்ஸ் ஃபுட் என்பார்.

பெரும்பாலும் நான்காம் விரலுக்கும் ஐந்தாம் விரலுக்கும் நடுவில்தான் தொடங்கும். பாதத்தில் இதைவிட நெருக்கமான இடுக்கு இல்லை. இரண்டு விரலும் ஒட்டியே கிடப்பதால் காற்று நுழையாது, வியர்வை வெளியேறாது. துவட்டுகிற துணியும் அங்கே போவதில்லை. தலையிலிருந்து துவட்டிக்கொண்டு வருகிறவர்கள் கணுக்காலோடு நிறுத்திவிடுவது உலக வழக்கம்.

அந்த இடுக்கில் குடியிருப்பது பெரும்பாலும் டிரைக்கோஃபைட்டான் ரூப்ரம் என்ற பூஞ்சை. அதன் உணவு கெரட்டின். நம் தோலின் மேலடுக்கு, முடி, நகம் எல்லாம் இந்தப் புரதத்தால் ஆனவை. தென்னை நாரைக் கயிறாக முறுக்குவதுபோல இழை இழையாக முறுக்கி, இழைகளுக்கு நடுவே கந்தகப் பாலங்கள் போட்டுப் பூட்டிய புரதம் இது. நம் வயிற்று நொதிகளால் இதைச் செரிக்க முடியாது. விழுங்கிய முடி முடியாகவே வெளியே வரும். பூஞ்சை மட்டும் செரிக்கிறது. அது எப்படி என்பதை உயிரியல் கண்டுபிடித்த விதத்தைவிட, பூஞ்சை கண்டுபிடித்த விதம்தான் வியப்பு. கெரட்டினைத் தின்றால் சிஸ்டீன் என்ற கந்தகம் கலந்த அமினோ அமிலம் ஏராளமாகச் சேரும். அளவு மீறினால் அது பூஞ்சைக்கே நஞ்சு. ஆகவே பூஞ்சை அதைச் சல்ஃபைட்டாக மாற்றி வெளியே தள்ளுகிறது. வெளியே போன சல்ஃபைட் பக்கத்திலிருக்கும் கெரட்டினின் கந்தகப் பாலங்களை உடைக்கிறது. பூட்டு உடைந்த இழைகளைப் பூஞ்சையின் நொதிகள் துண்டு துண்டாக்குகின்றன. தின்றதன் கழிவே அடுத்த வேளைச் சோற்றுக்கு வழி திறக்கிறது.

இவ்வளவு திறமை இருந்தும் அது ஆழமாகப் போவதில்லை. செத்த செல்களாலான மேலடுக்கோடு நின்றுவிடும். உள்ளே உடற்சூடு அதற்கு அதிகம்; ரத்தத்தில் இருக்கும் இரும்பை டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம் இறுகப் பிடித்துவைத்திருப்பதால் பூஞ்சைக்குக் கிடைக்காது. நமக்கு வரும் அரிப்பும் சிவப்பும் பெரும்பாலும் நம் உடலின் எதிர்வினை. ரூப்ரம் அதையும் அடக்கிவைக்கத் தெரிந்தது. அதன் செல்சுவரில் உள்ள மேனன் என்ற சர்க்கரைச் சேர்மம் நோய் எதிர்ப்பை மந்தமாக்கும். அதனால்தான் பலருக்கு அரிப்பே இல்லாமல் உள்ளங்கால் மட்டும் மாவு பூசியதுபோல வறண்டு பல்லாண்டு காலம் கிடக்கிறது.

இந்தப் பூஞ்சைக்கு முதலில் பெயர் வைத்தவர் நம் பக்கத்தில் இருந்தவர்தான். ஆல்டோ காஸ்டெல்லானி என்ற இத்தாலிய மருத்துவர் 1903-ல் கொழும்புக்கு வந்து அங்கிருந்த நுண்ணுயிரியல் நிலையத்தை நடத்தினார். இலங்கை நோயாளிகளின் தொடையிடுக்குப் படர்தாமரையிலிருந்து இதைப் பிரித்தெடுத்து 1910-ல் புது இனம் என்று அறிவித்தார். (பிற்காலத்தில் முசோலினியின் எத்தியோப்பியப் போருக்கு ராணுவ மருத்துவப் பணிகளை நடத்தியவரும் இவரே. கெட்டிக்காரத்தனம் எந்தப் பக்கமும் நிற்கும்.) கடைகளில் சிவப்பு மையாக நெடுங்காலம் விற்ற காஸ்டெல்லானி பெயிண்ட் அவர் பெயரில் வந்ததுதான்.

இந்தத் தொடையிடுக்குப் படர்தாமரையை அன்றைய ஆங்கிலேயர்கள் ‘தோபி அரிப்பு’ என்றார்கள். துணி வெளுக்கிறவர் எல்லார் துணியையும் ஒன்றாகப் போட்டு நோயைப் பரப்புகிறார் என்பது குற்றச்சாட்டு. கொச்சியில் நின்று படிக்கும்போது இது உறுத்துகிறது. மட்டாஞ்சேரியிலிருந்து நடந்துபோகிற தூரத்தில், ஃபோர்ட் கொச்சியில் ‘வெளி’ என்ற மைதானத்தை ஒட்டி ஒரு தோபிகானா இருக்கிறது. அங்கே வெளுப்பவர்கள் தமிழ் வண்ணார்கள். டச்சுப் படையினரின் உடுப்புகளை வெளுக்கத் தமிழ்நாட்டிலிருந்து அழைத்துவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் என்று சொல்கிறார்கள். டச்சுக்காரர்கள் கொச்சியைப் பிடித்தது 1663-ல். இப்போதுள்ள கட்டடத்தை 1976-ல் கிரேட்டர் கொச்சி வளர்ச்சி ஆணையம் கட்டிக்கொடுத்தது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித் துறை, தனித் தொட்டி, கல். வெளுத்ததை இரட்டை முறுக்குக் கயிற்றில் கவ்வி இல்லாமலே செருகி நல்ல வெயிலில் உலர்த்துகிறார்கள். பூஞ்சைக்கு இதைவிடப் பொல்லாத இடம் இல்லை. உண்மையில் தோபிகளால் வந்த தோல்நோய் வேறொன்று. துணியில் குறி போடச் சேராங்கொட்டைச் சாற்றைப் பயன்படுத்தியதால், சட்டைக் கழுத்துப் பக்கம் கொப்புளம் கிளம்பியது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இந்தியாவில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்களிடம் பார்த்து 1943-ல் மருத்துவ ஏட்டில் எழுதினார்கள். அது ஒவ்வாமை, பூஞ்சை அல்ல.

குற்றவாளியைத் தேடுவதென்றால் ஷூவைத்தான் பிடிக்க வேண்டும். பூஞ்சையியலாளர்கள் பொதுவாக ஏற்றுக்கொண்ட கதை இது: ரூப்ரம் தென்கிழக்கு ஆசியா, இந்தோனேசியா, வட ஆஸ்திரேலியா, மேற்கு ஆப்பிரிக்கா ஆகிய வெப்பநிலங்களில் நெடுங்காலமாக இருந்தது. அந்த ஊர்க்காரர்களுக்கு உடம்பில் படர்தாமரையாக வந்ததே தவிர, பாதத்தில் அவ்வளவாக வரவில்லை. வெறுங்காலோடு நடந்தவர்களின் விரலிடுக்குக் காற்றில் காய்ந்துவிடும். பூட்ஸ் போட்ட ஐரோப்பியச் சிப்பாய்களும் அதிகாரிகளும் வந்தபோதுதான் அந்தப் பூஞ்சைக்குப் பூட்டிய, இருண்ட, வெதுவெதுப்பான அறை கிடைத்தது. அவர்கள் அதைக் காலில் சுமந்துகொண்டு ஊர் திரும்பினார்கள். லண்டனில் ஆர்தர் விட்ஃபீல்டு பாதப் பூஞ்சை பற்றி எழுதியது 1908-ல். 20ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் உலகத்திலேயே மிகப் பரவலான தோல் பூஞ்சையாக ரூப்ரம் ஆகிவிட்டது. இன்று மட்டாஞ்சேரிப் பையன் சீருடைக்காக அதே பூட்டிய அறையைக் காலில் மாட்டிக்கொள்கிறான். பூஞ்சை பழையது, ஊர் பழையது. இரண்டுக்கும் நடுவே புதிதாக வந்தது ஷூ ஒன்றுதான்.

வயலில் வெறுங்காலோடு நாற்று நடுகிறவருக்கும் சேற்றுப்புண் வருகிறதே என்று கேட்கலாம். வருகிறது. நாள் முழுக்கச் சேற்றில் ஊறிய தோல் அறுந்து, கேண்டிடா என்ற ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் ஏறும் புண் அது. பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும், குடியிருப்பவர் வேறு. பொதுவான காரணம் ஈரம்.

சரி, ஏன் பதினான்கு வயதில்? ஐந்து வயதுப் பிள்ளையும் அதே தண்ணீரில்தானே நடக்கிறது. இங்கேதான் பருவ வயது குறுக்கே வருகிறது. சின்னப் பிள்ளைகளுக்குப் பூஞ்சை வருவது தலையில், சொட்டைச் சொட்டையாக முடி உதிரும் படர்தாமரையாக. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் தலைத்தோலின் எண்ணெய்ச் சுரப்பிகள் விழித்துக்கொள்கின்றன. அந்த எண்ணெயில் உள்ள கொழுப்பு அமிலங்கள் பூஞ்சைக்கு ஆகாதவை. தலைப் படர்தாமரை குறைகிறது. ஆனால் உள்ளங்காலில் எண்ணெய்ச் சுரப்பி ஒன்றுகூட இல்லை. வியர்வைச் சுரப்பிகள்தான், அதுவும் உடம்பில் வேறெங்கும் இல்லாத நெருக்கத்தில். பருவ வயதில் வியர்வை கூடுகிறது. கால் வளர்வதால் போன வருஷத்து ஷூ விரலை நெருக்குகிறது. சாயங்காலம் ஃபோர்ட் கொச்சி பரேட் மைதானத்தில் ஃபுட்பால் வேறு. தலையில் இடம் இழந்த பூஞ்சை வகைகளுக்குப் பாதத்தில் மனை கிடைத்த மாதிரிதான்.

ஈரமும் பூஞ்சையும் சேர்ந்தால் என்ன நடக்கிறது என்பதைத் தெளிவாக்கியவர்களில் முக்கியமானவர்கள் ஃபிலடெல்ஃபியாவின் ஜேம்ஸ் லேடனும் ஆல்பர்ட் கிளிக்மனும். பூஞ்சை மட்டும் இருக்கும்போது விரலிடுக்கு வறண்டு செதில் செதிலாக உரியும், பெரிய தொல்லை இல்லை. அதன்மேல் ஈரம் ஏறினால் தோலில் ஏற்கெனவே இருக்கும் பாக்டீரியாக்கள் பெருகும். வெளுத்து, நாறி, வலிக்கிற புண் அவற்றின் வேலை. இந்தப் பூஞ்சைகளில் சில பென்சிலினைப் போன்ற பொருளைச் சுரப்பவை. அதைத் தாங்கும் பாக்டீரியாக்களே அக்கம்பக்கத்தில் மிஞ்சுகின்றன. புண் முற்றும்போது பூஞ்சையைத் தேடினால் பல சமயம் கிடைப்பதில்லை, தொடங்கிவைத்துவிட்டு ஒதுங்கிவிட்டிருக்கும். வெறும் பூஞ்சைக் களிம்பு மட்டும் தடவிக் கொதிப்பு அடங்காமல் போவது இதனால்தான்.

கிளிக்மனைப் பற்றிச் சொல்லாமல் கடந்துபோக எனக்கு மனமில்லை. அவர் 1951-ல் ஃபிலடெல்ஃபியாவின் ஹோம்ஸ்பர்க் சிறைக்குள் முதலில் போனதே அங்கே பரவிய பாதப் பூஞ்சைக்கு வைத்தியம் பார்க்கத்தான். போனவர் கைதிகளின் தோலை ஆய்வு நிலமாகப் பார்த்தார். 1974 வரை பெரும்பாலும் கறுப்பினத்தவரான கைதிகள்மேல் களிம்பிலிருந்து டையாக்சின் வரை சோதித்தார்கள். பென்சில்வேனியா பல்கலைக்கழகம் 2021-லும், ஃபிலடெல்ஃபியா நகரம் 2022-லும் மன்னிப்புக் கேட்டன. தோல் மருத்துவப் புத்தகங்களில் அவர் பெயர் இன்னும் மரியாதையோடு நிற்கிறது.

விரலிடுக்குப் புண்ணை அற்பமாக நினைக்கக் கூடாத ஊர் என்று ஒன்று இருந்தால் அது கொச்சி. யானைக்காலுக்கு ஆங்கிலத்தில் ‘கொச்சின் லெக்’ என்றே பெயர் வாங்கிய ஊர் இது. கொசு கடித்து உள்ளே போன புழு நிணநீர்க் குழாய்களைக் கெடுத்துவிடும். ஆனால் காலை மறுபடி மறுபடி வீங்கவைத்து, காய்ச்சலோடு ஆளைப் படுக்கவைத்து, பெரிதாக்குவதில் பாக்டீரியாவின் பங்கு பெரிது என்று 1990களில் தெரியவந்தது. பிரேசிலின் ரெசிஃபி நகரில் ஜெருசா டிரையர் இதை வலியுறுத்தினார். கொச்சிக்குத் தெற்கே ஆலப்புழை டி.டி. மருத்துவக் கல்லூரியில் ஆர்.கே. ஷெனாயும் கூட இருந்தவர்களும் யானைக்கால் நோயாளிகளைக் கொண்டு ஆராய்ந்தார்கள். புழுவுக்கான மாத்திரை வாங்கியவர்களுக்கும் வாங்காதவர்களுக்கும் காய்ச்சல் தாக்குதல் குறைந்தது. எல்லாருக்கும் பொதுவாகச் செய்யப்பட்டது ஒன்றுதான்: தினமும் சோப்புப் போட்டுக் காலைக் கழுவி, விரலிடுக்கைத் துடைத்து, புண்ணுக்குக் களிம்பு தடவியது. பாக்டீரியா நுழையும் வாசல் பெரும்பாலும் அந்த வெடித்த இடுக்கே. யானைக்கால் இல்லாதவர்களுக்கும் கால் சிவந்து வீங்கும் செல்லுலைட்டிஸுக்கு அதே வாசல்தான். பையனுக்குப் பாதத்திலிருந்து மேலே சிவப்பு ஏறுகிறது, காய்ச்சல் அடிக்கிறது, சீழ் வைக்கிறது என்றால் களிம்போடு காத்திருக்காமல் அன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும். சர்க்கரை நோய் உள்ள பிள்ளையென்றால் வெறும் வெடிப்பைக் கண்டாலே போக வேண்டும்.

மருந்துகள் நல்லவை இருக்கின்றன. பூஞ்சையின் செல்சவ்வு எர்கோஸ்டெரால் என்ற பொருளைச் சேர்த்துக் கட்டப்பட்டது. நம் செல்களில் அது இல்லை. குளோட்ரிமசோல் வகைகள் எர்கோஸ்டெரால் தயாரிப்பின் பின்கட்டத்தை அடைக்கின்றன, பூஞ்சை வளராமல் நிற்கும். டெர்பினாஃபின் முன்கட்டத்திலேயே அடைப்பதால் ஸ்குவாலீன் என்ற பொருள் உள்ளே தேங்கிப் பூஞ்சையையே கொல்லும். அதனால் விரலிடுக்குக்கு டெர்பினாஃபின் பெரும்பாலும் ஒரு வாரத்தில் முடிந்துவிடும், குளோட்ரிமசோல் நான்கு வாரம் வரை தடவ வேண்டியிருக்கும். அரிப்பு நாலைந்து நாளில் அடங்கிவிடும்; அத்தோடு குழாயை மூடிவைத்துவிடுவதுதான் பிள்ளைகள் செய்கிற தப்பு. புண்ணைச் சுற்றி இரண்டு விரற்கடை வரை தடவி, சொன்ன நாள் வரை முடிக்க வேண்டும். விட்ஃபீல்டு பெயரில் பென்சாயிக் அமிலம் 6 விழுக்காடும் சாலிசிலிக் அமிலம் 3 விழுக்காடும் கலந்த பழைய களிம்பு இன்னும் கிடைக்கிறது. உரிந்த தோலுக்கு நல்லது, வெடித்த புண்ணில் எரியும்.

மருதாணியை அரைத்து விரலிடுக்கில் வைப்பது நம் வீடுகளில் நெடுநாள் வழக்கம். அதிலுள்ள லாசோன் ஆய்வகத் தட்டில் பூஞ்சையைத் தடுக்கிறது என்பது உண்மை. இலையை அரைத்து வைத்தால் பெரும்பாலும் கெடுதல் இல்லை. கடையில் ‘கறுப்பு மருதாணி’ என்று குழாயில் விற்பதை மட்டும் கிட்டேயே சேர்க்கக் கூடாது. தலைமுடிச் சாயத்தில் இருக்கும் பிபிடி என்ற வேதிப்பொருள் அதில் கலந்திருந்தால் தோல் வெந்துபோகலாம்.

அதைவிடப் பெரிய ஆபத்து மருந்துக்கடைகளில் கேட்டவுடன் எடுத்துக்கொடுக்கும் கலவைக் களிம்பு. பூஞ்சை மருந்து, பாக்டீரியா மருந்து, குளோபெட்டசால் போன்ற வீரியமான ஸ்டீராய்டு மூன்றும் ஒரே குழாயில் இருக்கும். ஸ்டீராய்டு அரிப்பையும் சிவப்பையும் ஒரே நாளில் அடக்கும். நம் உடலின் எதிர்வினையைத்தான் அடக்குகிறது. பூஞ்சை அமைதியாகப் பரவும். நிறுத்தினால் இரு மடங்காகத் திரும்பும், தோலும் மெலியும். 2018-ல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டுப் பூச்சு மருந்துகளை மருத்துவர் சீட்டு வேண்டும் என்ற பட்டியலில் சேர்த்தது. விற்பனை நிற்கவில்லை. இந்தக் களிம்புப் பழக்கத்துக்கு நடுவில்தான் இந்தியாவில் டெர்பினாஃபினுக்கு மசியாத டிரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே என்ற பூஞ்சை பரவியது. அதற்கு அந்தப் பெயரை 2020-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் வைத்தார்கள். 2023-ல் நியூயார்க்கில் இரண்டு நோயாளிகளிடம் கண்டதாக அமெரிக்க அரசு அறிவித்தது. தொடையிலும் உடம்பிலும்தான் அது அதிகம் தங்குகிறது. பாதத்துக்கு வந்த படர்தாமரை தொடைக்கும் பரவியிருந்தால், மருந்தைக் கடைக்காரர் தேர்ந்தெடுக்க விடக் கூடாது. தோலைச் சுரண்டிப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் போட்டு நுண்ணோக்கியில் பார்ப்பது கால் மணி நேர வேலை. பூஞ்சை இருக்கிறதா இல்லையா என்று பெரும்பாலும் அதிலேயே தெரிந்துவிடும். ஷூவின் ரப்பர், பசை, பதப்படுத்திய தோல் இவற்றால் வரும் ஒவ்வாமையும் பார்வைக்குப் படர்தாமரை போலவே இருந்து ஏமாற்றும்.

தடுப்பதற்கு மருந்தே வேண்டாம், காய்ந்த ஷூ போதும். முடிந்தால் இரண்டு ஜோடி வாங்கி ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுவது எந்தப் பவுடரையும் விட மேல். ஒரு ஜோடிதான் என்றால் உள்ளடியை வெளியே உருவி, பழைய செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து, தாள் நனைந்ததும் மாற்ற வேண்டும். பையில் இன்னொரு காலுறை வைத்துக்கொண்டு பள்ளிக்குப் போனதும் மாற்றிக்கொள்ளலாம். மாலையில் கால் கழுவியபின் கேரளத்து மெல்லிய தோர்த்து ஒன்றைப் பாதத்துக்கென்றே வைத்துக்கொள்ளலாம். இடுக்குக்குள் நுழையும், சட்டென்று காயும். தொடையிடுக்குக்குப் பரவாமல் இருக்க எளிய வழி: உள்ளாடைக்கு முன்பே காலுறையைப் போட்டுக்கொள்வது. உரிந்து விழும் செதில்களில் பூஞ்சை மாதக் கணக்கில் உயிரோடு இருக்கும். சாதாரணக் குளிர்நீர்த் துவைப்பிலும், 40 டிகிரியிலும்கூட அது சாவதில்லை. 60 டிகிரி வேண்டும். வாஷிங்மெஷினில் அரைமணி சுற்றி வராந்தாவில் உலர்த்திய காலுறையைவிட, வெந்நீரில் ஊறவைத்து வெயிலில் காயவைத்த காலுறை நிச்சயமாகச் சுத்தம்.

மழைக்காலத்தில் ஷூவும் காலுறையும் கட்டாயம் என்று பள்ளிகள் வற்புறுத்தக் கூடாது என்று கேரள மாநிலக் குழந்தை உரிமைகள் பாதுகாப்பு ஆணையமே சில ஆண்டுகளுக்கு முன் சொல்லிவிட்டது. விரல் தெரிகிற சாண்டல் போதும். பூட்ஸோடு வந்த வெள்ளைக்காரர்களின் நோயை இந்தத் தண்ணீரில் நிற்கிற ஊரின் பிள்ளைகளுக்குச் சீருடை என்ற பெயரில் மாட்டிவிடுவதில் என்ன ஒழுக்கம் இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. ஆணையத்தின் சொல் கையில் இருக்கும்போது பெற்றோர் சங்கக் கூட்டத்தில் எழுந்து கேட்க வேண்டிய கேள்வி இது.

இவ்வளவு செய்தும் மறுபடி மறுபடி வந்தால் பையனின் காலை விட்டுவிட்டு வீட்டில் மற்றவர்களின் காலைப் பார்க்க வேண்டும். ரூப்ரம் நீண்டகாலம் தங்குவது பெரியவர்களின் நகத்தில். அப்பாவின் கட்டைவிரல் நகம் பல வருஷமாக மஞ்சளாகித் தடித்து உதிர்ந்துகொண்டிருக்கும். அரிக்காது, வலிக்காது, வயசானால் அப்படித்தான் என்று விட்டிருப்பார். குளியலறைத் தரையிலும் கால்மிதியிலும் அதன் துகள்தான் உதிர்கிறது. நகத்துக்குக் களிம்பு போதாது, மருத்துவர் பார்த்து மாதக் கணக்கில் மாத்திரை தர வேண்டியிருக்கும். பையனுக்கு ஒரு வாரம், அப்பாவுக்கு மூன்று மாதம்.